பதமான சூடு

கொழுந்தன் ஹஸன் குவளையில் தண்ணீரை மொண்டு தூக்கிவிட்டான். "இருங்க" என்றபடி படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள் ஃபிர்தௌஸ்.

வெள்ளை விரிப்புகளைக் கட்டி மறைத்த முற்றத்துக்குள் வெயில் வடிகட்டி இறங்கியது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் ஆவியில் எல்லாமே மிதப்பதுபோல இருந்தது. பலகைமேல், கடைசியாகக் குளிப்பாட்டக் கிடத்திய அவள் கணவர் முஸம்மில், பகல் தூக்கம் போடுகிறவர் மாதிரி கிடந்தார்.

"நாங்க பாத்துக்கிறோம் பாபி" என்றான் ஹஸன்.

அவள் வாளிக்குள் கையை விட்டாள்.

நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் அவர் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. காலமெல்லாம் ஊராருக்கு ஷூ தைத்த மனுஷன், ஆம்பூர் பஜாரில் ஒரு செருப்பைத் தொலைத்ததுகூடத் தெரியாமல் ராஜாபோல வீடு வந்து சேர்வார். தெருவே சிரிக்கும், அவரும் சிரிப்பார். ஒருநாள் கொதிக்கிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படித்தார். பாதமெல்லாம் கொப்புளம். அதிலிருந்து அவள் தொட்டுப் பார்க்காத தண்ணீர் அவர் காலில் பட்டதில்லை.

தினமும் காலையில் பாதத்துக்குத் தேங்காயெண்ணெய் தேய்ப்பாள். "தெரியுதா?" என்பாள். "தெரியுது" என்பார். நரம்பில் உணர்வு திரும்புகிறது, மனுஷனும் திரும்பிவிடுவார் என்று அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் நாளைத் தள்ளினாள்.

இன்று காலை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றும்போதே பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"தெரியுதா?"

கண்ணை மூடியிருந்தவர் சொன்னார்: "தெரியுது. உன் கை கதகதன்னு கீது."

அவள் கை இன்னும் அவரைத் தொடவே இல்லை.

எத்தனை நாளாக இந்தப் பொய்? முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, தாங்க முடியாத பிரியம். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, வெகுநேரம் தேய்த்தாள். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன்னால் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

"சூடு ஜாஸ்தி" என்றாள் இப்போது. "கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துங்க."

"பாபி, அண்ணனுக்கு இனிமே..."

ஹஸன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு ஒரு குவளை பச்சைத்தண்ணீர் கலந்தான். அவள் தொட்டுப் பார்த்தாள். போதவில்லை. இன்னொரு குவளை. அப்புறம்தான் தலையசைத்தாள்.

தண்ணீர் மெல்ல இறங்கிப் பாதத்துக்கு வந்தது. காலையில் தேய்த்த எண்ணெயில் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடியது. வழக்கம்போலக் கேட்க வாயெடுத்த ஃபிர்தௌஸ், கேட்காமல் அந்தக் கால்மேல் கையை வைத்துக்கொண்டாள்.