மூன்றாம் கட்டிலின் மேல் நின்ற பொறிகள்

மில்கா சாவதற்கு முன் அவள் கண்ணுக்குள் பறந்த பொறிகளை அவளோடு புதைக்க முடியவில்லை. மெச்கிதோல் பட்டணத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், மூன்றாம் கட்டிலுக்கு மேலே, கை உயர்த்தினால் எட்டும் தூரத்தில் அவை தங்கிவிட்டன. வெல்டிங் பட்டறையில் தெறிப்பவை போலத்தான் இருந்தன. ஆனால் கீழே விழவுமில்லை, அணையவுமில்லை. முதல் வாரமே எலெக்ட்ரீஷியன் வந்து வயர்களை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, தன் பக்கம் குறை எதுவும் இல்லை என்றார். தீயணைப்புக்காரர்கள் வந்து, புகை இல்லாததால் இது தங்கள் வேலை இல்லை என்றார்கள். பாதிரியார் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதற்கென்று தனியாக ஜெபம் எதுவும் கிடையாது என்று வருத்தத்தோடு சொன்னார். அதற்குப் பிறகு, மூன்றாம் கட்டிலில் படுப்பவர்களுக்குக் கண்ணை மறைத்துக்கொள்ள ஒரு துண்டு கொடுப்பது வழக்கமாயிற்று. கால் முறிந்து வந்த மரவெட்டிகள் மட்டும் துண்டு வேண்டாம் என்பார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டே படுத்திருந்தால் வலி தெரியவில்லையாம்.

அந்தப் பிரிவின் டாக்டர் ரும்யானா, மில்காவின் அக்கா. கர்ப்பிணிகளுக்கு வரும் வலிப்பைப் பற்றித்தான் அவள் பத்து வருடமாக ஆராய்ச்சி செய்துவந்தாள். ரத்த அழுத்தம் ஏறி, கை கால் வீங்கி, தலை பிளப்பது போல வலித்து, கண்ணில் பொறி பறந்து, கடைசியில் வலிப்பில் போய் முடிகிற அந்த நோயை அவளை விட நன்றாக அறிந்தவர்கள் அந்த மலைகளில் யாருமில்லை. அப்படிப்பட்டவளின் தங்கைக்கு அதே நோய் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. தங்கை முழுகாமல் இருந்ததே அவளுக்குத் தெரியாது. ரோடோப் மலையின் மேலூர்களில் அப்படித்தான். வயிற்றில் பிள்ளை இருப்பதை வெளியாளிடம் வாயால் சொல்லக்கூடாது; கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் கேட்டவர் கண் பிள்ளை மேல் விழும். டாக்டர் வெளியாள். பட்டணத்தில் வேலை பார்க்கிற கூடப்பிறந்தவளும் வெளியாள்தான்.

ஜனவரியில் அவர்களுடைய அப்பா இறந்தபோது மில்கா வரவில்லை. புருஷன் ஆசென் மட்டும் பனியில் நடந்து வந்து, மில்காவுக்குச் சளிக்காய்ச்சல் என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது ரும்யானா பாதையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சளிக்காகப் பெற்ற அப்பனை வழியனுப்ப வராதவள் எனக்குத் தங்கையே இல்லை என்று அத்தையிடம் சொன்னாள். அதன் பிறகு போன் செய்யவில்லை. மில்கா இரண்டு தடவை செய்தாள், எடுக்கவில்லை.

மார்ச்சில், வசந்தத்தை வரவேற்க எல்லோரும் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டியிருந்த வாரத்தில், ஸ்லவேய் கிராமத்திலிருந்து அவசரப் பிரிவுக்கு ஒரு போன் வந்தது. பேசியது ஆசெனின் அம்மா சேவ்தா. மருமகளுக்கு வலிப்பு என்றாள். அங்கே போன் பார்க்கிற வேலையில் இருந்த கோஸ்தாதின், கேட்க வேண்டியதைக் கேட்டான், பெண் கர்ப்பமா என்று. இல்லை என்றாள் சேவ்தா. வண்டிக்காரர்கள் வாசலில் நின்று மறுபடி கேட்டார்கள். இல்லை என்றாள். காக்காய் வலிப்புக்குக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்து, ஆட்டுத்தோல் கோட்டோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் கட்டிலில் அந்தக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றியது ரும்யானாதான். உள்ளே ஏழு மாத வயிறு இருந்தது. அந்த வலிப்பை அடக்கும் மெக்னீசியத்தை ஏற்றினாள், வயிற்றைக் கீறினாள், நேரம் கடந்திருந்தது. ஆண் குழந்தை அழவில்லை. சாயங்காலத்துக்குள் மில்காவும் போய்விட்டாள். பொறிகள் மட்டும் கட்டிலின் மேல் தங்கின.

மில்காவின் படம் போட்ட சாவு அறிவிப்புத் தாளை ஊர் வழக்கப்படி பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரிக் கதவிலும் ஒட்டினார்கள். ரும்யானா விடுப்பு எடுக்கவில்லை. ஒரு நாள் மதியம், பிரிவில் யாருமில்லாதபோது, கையை உயர்த்தி ஒரு பொறியைத் தொட்டாள். சுடவில்லை. பின்மண்டையில் தொடங்கி நெற்றிவரை வந்து கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிற ஒரு தலைவலி வந்தது. அது மில்கா யாரிடமும் சொல்லாமல் சுமந்த தலைவலி என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் மூன்றாம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் ரொட்டியும் தயிரும், மறு கை பொறிகளுக்குள்ளுமாக இருப்பாள். தங்கையின் கடைசி வாரங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வலி மட்டும்தான். மாத்திரை போட மறுத்தாள்.

ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. விடுமுறை நாட்களில் மேலூர்களுக்கு ஏறிப்போய், வீடு வீடாக உட்கார்ந்து, இந்த வீட்டில் கர்ப்பிணி உண்டா என்று கேட்டாள். காபி கொடுத்தார்கள், பாலாடைக்கட்டி வைத்த பானிட்சா சுட்டுக் கொடுத்தார்கள், இல்லை என்றார்கள். உள்ளறையில் ஒருத்தி மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும். அது ஆடு என்பார்கள். இப்படி இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருடம் ஒரு வீட்டில் யாருக்கோ நாற்பதாம் நாள். சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை அவள் கையில் கொடுத்தார்கள். இறந்தவர் மருமகளை ஏன் காணோம் என்று பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"அவளா? அவ இப்போ எழவு வீட்டுப் பக்கம் வர்றதில்ல டாக்டரம்மா," என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த பெண். "பக்கத்துத் தெருவுல படம் ஒட்டியிருந்தாலே முகத்தத் திருப்பிக்கிட்டுப் போவா. ஜனவரி பொறந்தா வருவா."

கர்ப்பிணி சாவைப் பார்க்கக்கூடாது. ரும்யானாவும் அந்த மலையில் பிறந்தவள்தான், தெரிந்ததுதான், படித்த படிப்பில் எங்கோ விட்டுவிட்டாள். தட்டைப் பிடித்தபடி நின்றாள். யாரும் எதையும் மறைக்கவில்லை, தான் கேட்ட கேள்விதான் தப்பு என்பது ஒரு பக்கம் புரிந்தது. ஜனவரியில், பனியில், அந்தப் பாதை ஏன் காலியாக இருந்தது என்பது மறு பக்கம் புரிந்தது. கோதுமையை மென்று விழுங்கினாள், இறந்தவருக்காக வைத்ததைத் துப்பக்கூடாது என்பதற்காக.

இனி வலிப்பு, தலைவலி, வீக்கம் என்று எந்தப் பெண்ணுக்காகப் போன் வந்தாலும், கர்ப்பமா என்று கேட்காதே, அவள் இப்போது எழவு வீட்டுக்குப் போகிறாளா என்று கேள் என்று கோஸ்தாதினிடம் சொன்னாள்.

"வலிப்பு வந்த வீட்டுல போய் எழவப் பத்திக் கேட்டா, போனுக்குள்ளயே கைய விட்டு அறைவாங்க டாக்டர்," என்றான் அவன்.

"அறையட்டும். வாங்கிக்க."

முதலில் திட்டத்தான் செய்தார்கள். அவன் பரம்பரையையே ஒருத்தி போனில் வரிசையாகக் கூப்பிட்டாள். ஆனால் திட்டி முடித்ததும் பதில் சொன்னார்கள். போறதில்லை என்றால், வண்டியில் மெக்னீசியம் ஏறும், மருத்துவச்சி ஏறுவாள். அந்த இலையுதிர் காலத்தில் ஒருத்தி தாயும் பிள்ளையுமாகப் பிழைத்தாள். குழந்தை அழுத அதே நொடியில் மூன்றாம் கட்டிலின் மேல் ஒரு பொறி அணைந்தது. கோஸ்தாதின்தான் பார்த்தான், சொல்லவில்லை. அடுத்தவள் பிழைத்தபோது இன்னொன்று அணைந்தது. அதை ரும்யானா பார்த்தாள். சாப்பாட்டு வேளையில் கையை நீட்டினால், தலைவலி முன்பை விடக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

தங்கையின் மிச்சம் இவ்வளவுதான், அதையும் தன் கையால்தான் அணைக்கிறோம் என்று அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஒரு வாரம் வேலைக்கு வராமல் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கோஸ்தாதின் முட்டைக்கோஸ் ஊறுகாய் கொண்டுபோய் வைத்துவிட்டு, போனை நான் பார்த்துக்கொள்கிறேன், ஊசியை யார் பார்ப்பது என்று கேட்டான். மறுநாள் வந்துவிட்டாள். ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினாள். அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டவர்கள், பொறிகளைப் பற்றிய பத்தியை நீக்கச் சொன்னார்கள். நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அறையில் போதிய வெளிச்சம் இருந்தது என்று எழுதினாள். பக்கத்து மாவட்டங்களிலும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். வருடங்கள் போயின. கூட்டமாக நின்ற பொறிகள் கைப்பிடி அளவாயின, பிறகு எண்ணிவிடலாம் போலாயின. அவள் எண்ணவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் நின்றது.

ஒரு மே மாதப் பகலில் ஸ்லவேயிலிருந்து போன் வந்தது. பேசுகிற குரலைக் கேட்டதும் கோஸ்தாதின் போனை ரும்யானாவிடம் நீட்டினான்.

சேவ்தாதான். ஆசெனின் இரண்டாம் மனைவி ஸ்தான்காவுக்குக் கண் தெரியவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள் என்றாள். ரும்யானா தலையைத் திருப்பி அந்தப் பொறியைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்கவில்லை.

"அவங்க இப்போ எழவு வீட்டுக்குப் போறாங்களா சேவ்தாம்மா?"

சேவ்தா, "போறதில்ல," என்றாள். "எட்டு மாசமா போறதில்ல. சீக்கிரம் வாங்க."

ரும்யானாவே வண்டியில் ஏறிப்போனாள். ஸ்தான்காவின் சமையலறைத் தரையிலேயே ஊசியைப் போட்டாள். அந்த மருந்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், மெதுவாகவே ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் கட்டில்தான் காலியாக இருந்தது. அங்கே ரத்த அழுத்தத்தை இறக்கிவிட்டு, அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. குட்டி ஆடு போலக் கத்தியது. ஸ்தான்கா கண் திறந்து, விளக்கைப் போடுங்கள் என்றாள். பிறகு, வேண்டாம், தெரிகிறது என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் சேவ்தா நின்றிருந்தாள். பேத்தியைப் பற்றிக் கேட்கவில்லை, மேலூர் வழக்கப்படி கேட்கக்கூடாது.

"உங்கப்பா எழவன்னைக்கு மில்கா கெளம்பிட்டா," என்றாள். "கருப்புத் துணி கட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. நான்தான் அவ பூட்ஸ எடுத்து அடுப்புக்குப் பின்னால ஒளிச்சேன். அக்கா என்னைய மன்னிக்கவே மாட்டான்னு அழுதா. புள்ள பொறக்கட்டும், தூக்கிட்டுப் போய் மடியில போடு, மன்னிக்காம எங்க போவான்னு சொன்னேன்."

ரும்யானா, "மன்னிச்சிருப்பேன்," என்றாள்.

"தெரியும். அதனாலதான் சொன்னேன்."

இருவரும் அருகருகே நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. ரும்யானா பிரிவுக்குள் போனபோது மூன்றாம் கட்டிலுக்கு மேல் ஒன்றுமில்லை. கையை உயர்த்தி வைத்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. கோஸ்தாதின் வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, உள்ளே யாரோ பெரிய நோயாளி இருக்கிறார் என்று வந்தவர்களிடம் சொல்லி, சாயங்காலம்வரை அவளைத் தனியாக விட்டான்.

அந்தக் கட்டிலுக்கு மேல் ஒரு குழல்விளக்கு மாட்டினார்கள். புதிதாக வந்த நர்சுகளிடம் பொறிகளைப் பற்றிச் சொன்னால், அப்படியா, எத்தனை வருஷம் இருந்தது என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில், மேலூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, குரலில் அவ்வளவு சிறுபிள்ளைத்தனம். கோஸ்தாதின் கேள்வியைத் தொடங்குவதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. ஏழாவது மாசம். தல வலிக்குதுங்கறா," என்றான், கடைக்காரரிடம் உருளைக்கிழங்கு கேட்பது போல.

கோஸ்தாதின் எழவு வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. முகவரி மட்டும் கேட்டான். ரும்யானா ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு எழுந்து, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.