கழுவி வைத்த கிண்ணங்கள்

நீலக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குழி கிடக்கிறது, குழிக்குள் மூன்று தாழிகளின் வாய் வட்டவட்டமாகத் தெரிகிறது, நான் இந்தப் பக்கம் தெருவில் நிற்கிறேன், என் மனையில் எனக்கு நிற்க இடமில்லை, அந்தத் தாழிகள் இருக்கிற இடம்தான் அப்பாவின் அறை, பத்துக்குப் பத்து, கட்டிலில் படுத்தபடியே தெருவில் போகிறவர்களை வம்புக்கு இழுக்க ஒரு ஜன்னல் வேண்டும் என்று அவர் சொல்ல, நான்தான் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் கொத்தனார் இசக்கிமுத்துவிடம் காட்டினேன், இந்த இடத்தில் ஜன்னல், இந்த இடத்தில் கட்டில், கிழக்கே வாசல், எல்லாம் தெரிகிறது எனக்கு, கண்ணை மூடினால் சுவரில் வெள்ளையடித்த வாசனைகூட வருகிறது, கண்ணைத் திறந்தால் கயிறு. எட்டு மாதமாக இதே கயிறுதான்.

ஓடு சரிந்து ஒழுகிய பழைய மண்வீட்டை இடித்த அன்றைக்கு அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம், ஒரு பக்கம் விழுந்த உடம்பு, இரண்டு தெரு தள்ளி வேதமாணிக்கம் அண்ணாச்சி வீட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தேன், போகும்போதே அப்பா சொன்னார், ஏ பிள்ள, கட்டி முடிக்கங்குள்ள நான் கண்ண மூடிறக் கூடாது, நம்ம வாசல்ல இருந்துதான் என்னைய எடுக்கணும், பொறத்தியாரு வீட்டுல இருந்து போவ மாட்டேன், ஆமா. அண்ணாச்சியும் சாவியைக் கொடுக்கும்போது தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார், தப்பா நெனைக்காத தாயி, பெருசுக்கு ஒண்ணுன்னா நம்ம வீட்டுல போட்டு எடுக்க முடியாது, எம்பொண்டாட்டி ஒத்துக்கிட மாட்டா. நாலே மாதம் அண்ணாச்சி, வீடு எழும்பிவிடும் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

கடைக்கால் தோண்டிய மூன்றாம் நாள் இசக்கிமுத்துவின் கடப்பாரை எதிலோ மோதி ணங்கென்றது, யக்கா, இங்க வாங்க என்று கூப்பிட்டான், பலகைக் கல்லை நகர்த்தினால் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய தாழி, கல் மோதி வாய் உடைந்திருந்தது, உள்ளே மண்ணும் எலும்பும், எலும்புக்கு நடுவில் ஐந்து கிண்ணங்கள், உள்பக்கம் கறுப்பு, வெளியே சிவப்பு. தலையாரி வந்தார், போனில் யாருக்கோ சொன்னார், நாளைக்குக் காலையில் ஆபீசர் வருவாங்க, எதையும் வெளிய எடுக்காதீங்க என்றார், ஆனால் கிண்ணங்களை அதற்கு முன்பே வெளியே எடுத்துவிட்டோம், வெயிலில் கிடந்தன, அடியில் கறுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. இனி நான் செய்ததைச் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறேன், ஆபீசர் வருகிறார் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பாத்திரம் பளபளவென்று இருக்க வேண்டும், அண்டாவின் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், கரி ஒட்டினால் போச்சு. அன்று சாயங்காலம் ஐந்து கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன், தேங்காய் நாரில் சாம்பலும் புளியும் தொட்டுத் தேய்த்தேன், ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன், மூன்று தண்ணீர் விட்டு அலசினேன், யாருடைய கிண்ணமோ, எத்தனை காலம் அழுக்கோடு கிடந்ததோ, பாவம் என்று மனதில் தோன்றியது உண்மை, துடைத்து முறத்தில் கவிழ்த்து வைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் தொல்லியல் துறையிலிருந்து ஜெசிந்தா மேடம் வந்தார், சின்ன வயது, குழிக்குள் அவரே இறங்கிப் பார்த்தார், பக்கத்து மண்ணைத் தள்ளி இன்னும் மூன்று தாழிகளின் வாயைக் கண்டுபிடித்தார், மேலே வந்து ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தார், திருப்பினார், உள்ளே பார்த்தார். கழுவிட்டீங்களாம்மா? நல்லாத் தேச்சிட்டேன் மேடம், மூணு தண்ணி விட்டு. அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன், மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார், உள்ள ஒட்டியிருந்த அந்த அழுக்குதாம்மா எங்களுக்கு வேணும், அதுல இருந்துதான் இவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியும், அது இருந்திருந்தா இந்த ஒரு தாழியோட பதிஞ்சுகிட்டுப் பத்து நாள்ல மனையை விட்டிருப்போம், இப்ப பக்கத்துல இருக்கிற மூணையும் முறைப்படி திறந்துதான் ஆகணும், அதுக்கு மேல இருந்து அனுமதி வரணும் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். தெரியலம்மா.

உடைந்த தாழியையும் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள், மனையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், காவலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், யாரை வைத்தார்கள் தெரியுமா, இசக்கிமுத்துவை. என் வீட்டைக் கட்ட வந்தவனை யாரும் வீடு கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள், நாற்காலி போட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பான், என்னைக் கண்டால் எழுந்து நிற்பான், நான் என்னக்கா செய்ய என்பான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனு எழுதினேன், பஸ் பிடித்துப் போனேன், இந்தப் பிரிவு இல்லை அந்தப் பிரிவு என்றார்கள், அந்தப் பிரிவில் சார் லீவு என்றார்கள், மழை வந்தது, தாழிகளின் மேல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், நன்றாக இருங்கள், நனையாமல் இருங்கள், வாடகை அறையில் எங்கள் தலையில் ஒழுகட்டும் என்று குழியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன், செத்தவர்கள் மேல் இப்படி ஒரு கோபம் வருமென்று யார் கண்டது. அப்பாவிடம் வந்து அழுதால் அவர் சிரிப்பார், அந்தக் காலத்துல எம்மாட்டம் சாவாமக் கெடந்தவுகளைத்தான் தாழியில வச்சி மூடுனாகளாம், உள்ள எடம் கிடக்கான்னு அந்த மேடத்துக்கிட்டக் கேளு என்பார். சிரிப்பு நின்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நீ தேய்த்ததால்தானே என்று ஒரு நாள்கூட அவர் கேட்கவில்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன், அப்பா என்று தொட்டேன், மூச்சு இல்லை. அண்ணாச்சி வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார், அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன், கொண்டுபோயிருதோம் அண்ணாச்சி. எங்கே கொண்டுபோவது, நான் யோசிக்கவேயில்லை, கால் நேராக மனைக்குத்தான் நடந்தது. இசக்கிமுத்து பதறிப்போய் மேடத்துக்குப் போன் போட்டான், உள்ளே வச்சுக்கோங்க, குழிப் பக்கம் மட்டும் வேண்டாம், அம்மாகிட்ட என்னை மன்னிக்கச் சொல்லுங்க என்றாராம். அப்பாவின் அறையில் அப்பாவைக் கிடத்த அப்போதும் விடவில்லை. கூடம் வருகிற இடத்தில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சைப் போட்டுக் கிடத்தினோம், சனம் கயிற்றைத் தாண்டித் தாண்டி வந்து அழுதது.

தூக்குகிற நேரத்தில், பாடைக்குத் தோள் கொடுக்க வெளியூரிலிருந்து வந்த பங்காளி கேட்டார், வாசல் எந்தப் பக்கம்மா? கால் முன்னே போக வேண்டும் அல்லவா, அதற்காகக் கேட்டார், தெரியாமல்தான் கேட்டார். கிழக்கே என்று கையைக் காட்டினேன், கிழக்கே கயிறுதான் இருந்தது. இசக்கிமுத்து போய்க் கயிறு கட்டியிருந்த ஒரு முளைக்கம்பைப் பிடுங்கினான், முழம் போட்டு அளந்து வாசல் அகலத்துக்கு மூன்றரை அடி தள்ளி நட்டான், நடுவில் கிடந்த கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டான். அந்த வழியாக அப்பாவைக் கொண்டுபோனார்கள், அந்த இடம் வந்ததும் தூக்கியவர்கள் நாலு பேரும் வாசல் நிலையில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று என்னை நிறுத்திவிட்டார்கள், சங்குச் சத்தம் தெருமுனையில் திரும்பியது, நான் கயிற்றுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன், எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்குள்.