நான்காவது வேண்டாம்

பால்மர் ஹாக்லண்டை அடக்கம் செய்த ஜனவரி மாதத்து வியாழக்கிழமை, இரண்டு மைல் ஆழத்தில் பாறைக்குள் அவருக்குச் சொந்தமாகக் கிடந்த எண்ணெய் எழுந்து, சவ வண்டிக்குப் பின்னாலேயே கல்லறைத் தோட்டம் வரை வந்தது. பாஸ்டர் ஜெபத்தை முடிக்கும்வரை வேலிக்கு வெளியே மரியாதையாக நின்றது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் முடிந்து எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டபோது, பால்மரை அங்கேயே விட்டுவிட்டு அவருடைய ஒரே வாரிசான மகள் ஆர்டிஸோடு ஊருக்குள் இருந்த அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அத்தனை ஆழத்தில் கிடப்பது சூடாகத்தான் இருக்கும். அது போன வழியெல்லாம் பனி உருகி ஒரு வண்டி அகலத்துக்குக் கறுப்பு மண் தெரிந்ததால், யாரும் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பால்மரின் குழிமேடு மட்டும் இரும்பாக இறுகிக் கிடந்தது. மறுநாள் விழுந்த பனி அதன்மேல் அப்படியே நின்றது. அப்பா மேல் எண்ணெய்க்கும் கோபம்தான் போல என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள்.

வடக்கு டகோட்டா மாநிலத்தின் மேற்கு மூலையில் நோர்கார்ட் என்ற எங்கள் ஊரில் நிலம் என்றால் இரண்டு நிலம். கோதுமை விளைகிற மேல்நிலம் ஒன்று, பாறையும் எண்ணெயும் கிடக்கிற அடிநிலம் இன்னொன்று. ஒன்றை விற்றால் மற்றதும் கூடப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோதுமை விலை படுத்துக்கொண்ட வருடங்களில் பால்மரின் மேல்நிலம் ஏலத்துக்குப் போனது. பக்கத்துப் பண்ணைக்காரி லாவோனின் குடும்பம் அதை வாங்கியது. அடிநிலம் மட்டும் ஹாக்லண்டுகளிடம் தங்கியது. ஆர்டிஸும் லாவோனும் ஞாயிறுப் பள்ளிக் காலத்துச் சிநேகிதிகள் என்பதால் இதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. அடிநிலமாவது மிஞ்சியதே என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அதற்கும் முன்பே பால்மர் அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார்.

எங்கள் ஆட்களிடம் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரை கப் போதும் என்பார்கள். மூன்றாம் தடவையும் மறுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து யாரும் அதைச் செய்ததில்லை. அந்தக் காலத்து எண்ணெய்க் கம்பெனியின் குத்தகை ஏஜெண்டு எங்கள் சமையலறைகளில் நிறையச் சாப்பிட்டுப் பழகியவன். பனிப்புயல் அடித்த ஒரு மதியம் பால்மரின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட ருபார்ப் பை மூன்று துண்டு தின்று, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை கேட்டான். பால்மர் மூன்றாம் தடவை சரி என்றார். எடுக்கிற எண்ணெயில் எட்டில் ஒரு பங்கு ராயல்டி. கூடவே ஒரு வரி: நிலத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கிணறு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை முந்நூற்றிருபது ஏக்கரும் கம்பெனியின் பிடியில்.

கம்பெனி ஒரே ஒரு பம்பை நட்டது. அது முப்பது வருடம் தலையை ஆட்டிக்கொண்டே வாயளவு எண்ணெய் துப்பியது. மீதி நிலத்தைக் கம்பெனி தொடவும் இல்லை, விடவும் இல்லை. மாதாமாதம் வந்த காசோலை தபால்தலை விலைக்குக்கூடக் காணாது. பால்மர் உறையைப் பிரித்துப் பார்ப்பார், மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். அதன்பின் அந்த வீட்டில் ருபார்ப் பை செய்யப்படவில்லை. ஒரு மனிதன் தன் நல்ல குணத்தாலேயே ஏமாந்ததற்காக முப்பது வருடம் வெட்கப்பட்டதை ஆர்டிஸ் தினமும் மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள்.

எண்ணெய் ஆர்டிஸோடு குடிபெயர்ந்ததும் பம்பு வெறும் காற்றை உறிஞ்சியது. கம்பெனி ஆட்களை அனுப்பித் தட்டிப் பார்த்தது, கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தது. நின்ற கிணற்றை மறுபடி ஓட வைக்கப் பத்திரம் கொடுத்த கெடு முடிந்தது. எண்ணெய் வரும்வரைதான் பிடி என்று எழுதிய வரியே கயிற்றை அறுத்துவிட்டது. வசந்தத்தில் பம்பைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் எங்கே போனாலும் அடியில் எண்ணெயும் போனது. காலையில் பேருந்து கடக்கும்போது வழியோரத்து எண்ணெய்க் கிணறுகளெல்லாம் ஒரு பாட்டம் பொங்கி அடங்கும். பள்ளி விட்டதும் எதிர்வரிசையில் பொங்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சோர்ந்து கிடக்கும். அந்தத் தடத்தில் பனி தள்ளும் வண்டியே தேவைப்படவில்லை. கிணற்றுக்காரர்கள் நன்றி சொல்லும் விதமாக அவள் வாசலில் கேக் வைத்துவிட்டுப் போனார்கள். இது யாருடைய எண்ணெய் என்ற கேள்வி எழுந்தபோது, மாவட்டப் பதிவாளர் ஒரு வாரம் யோசித்து, வேலி தாண்டி மேய்கிற மாடு உரிமையாளரின் மாடுதான் என்று ஆவணத்தில் எழுதி முத்திரை போட்டார். அதற்குப் பிறகு அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பீப்பாயும் எடுக்க வழியில்லை. பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கும் புது வித்தை வந்து மாநிலமே பரபரத்த சமயம் அது.

அப்போது வந்தவன்தான் ராய்ஸ் கிட்ரி. புதிய கம்பெனியின் ஏஜெண்டு, லூசியானாக்காரன். முதலைத்தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி நடந்தான். நல்ல பிள்ளைதான், கேட்ட கேள்விக்கெல்லாம் மேடம் மேடம் என்று பதில் சொல்வான். ஆனால் அவன் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முதல் தடவை அதே எட்டில் ஒன்றைச் சொன்னான். ஆர்டிஸ் முறைப்படி, வேண்டாம் தம்பி, பரவாயில்லை என்றாள். சரியான கைகாரி என்று நினைத்துப் பயந்துபோய்ப் பத்து நாளில் ஆறில் ஒன்றோடு திரும்பி வந்தான். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றாள் அவள். மூன்றாம் தடவை ஐந்தில் ஒன்று என்றான். எங்கள் மாவட்டத்தில் அதுவரை யாரும் கேள்விப்படாத பங்கு அது. மரியாதையை வைத்தே இவ்வளவு பேரம் பேசியவள் இவள்தான் என்று தானியக் கூட்டுறவுக் கடையில் பிற்பாடு ஒரு வாரம் சிரித்தார்கள்.

மூன்றாம் தடவை அவன் வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த அதே மேஜை. ஆர்டிஸ் ஆப்பிள் பை வைத்திருந்தாள். பேச்சுவாக்கில் அவன் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டான். மேல்நிலத்துக்காரி என்ற உரிமையில் லாவோன் அடுப்போரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் குத்தகைப் பத்திரத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினான். ஆர்டிஸ் கடைசிப் பக்கம்வரை படித்தாள். அந்த வரி அங்கேயே இருந்தது. ஒரு கிணறு ஓடும்வரை மொத்த நிலமும் பிடியில். எழுத்து மட்டும் இன்னும் பொடியாகியிருந்தது.

அவன் கேட்டது மூன்று தடவை. ஊர் வழக்கப்படி இப்போது சரி சொல்ல வேண்டும். அடுப்பில் காபி கொதிக்கிற சத்தம் கேட்டது. அப்பா உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தபடி, அன்று அவரைச் சரி சொல்ல வைத்தது எது என்று ஆர்டிஸுக்கு முதல் முறையாகத் தெரிந்தது. அது முட்டாள்தனம் இல்லை, பயமும் இல்லை. விருந்தாளியின் முகம் சுருங்கக்கூடாது என்ற நினைப்புதான்.

"வேண்டாம் தம்பி," என்றாள்.

பின்னல் ஊசி ஒன்று கீழே விழுந்தது. "ஏய் ஆர்டிஸ், மூணு தடவை ஆயிடுச்சுடி," என்றாள் லாவோன் மெதுவாக.

"தெரியும். நாலாவதுக்கும் சேத்துச் சொல்லிடறேன், வேண்டாம்."

ராய்ஸுக்கு இதன் கனம் புரியவில்லை. அவன் கண்ணில் இன்னொரு பேரம், அவ்வளவுதான். "மேடம், இதுக்கு மேல ஒரு சதவீதம்கூட என் கையில இல்ல," என்றான்.

"பங்கு போதும்ப்பா. இந்த வரி எனக்கு ஆகாது. நீங்க தோண்டற இடம் உங்களுக்கு. தோண்டாத இடத்த மூணு வருஷத்துல எனக்குத் திருப்பிக் குடுத்துடணும். லாவோன் வீட்டு ஊத்துப் பக்கம் வண்டி வரக்கூடாது. குழாய் செலவு, லாரி செலவுன்னு என் பங்குல கழிக்கவும் கூடாது."

அதெல்லாம் ஹூஸ்டன் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முடிவு செய்வது என்றான்.

"அப்போ அவங்க முடிவு பண்ணட்டும். நான் நாளைக்கு மின்னசோட்டாவுல பெரியம்மா மக அக்கா வீட்டுக்குப் போறேன். அது எங்கூடதான் வரும்."

அவள் சும்மா மிரட்டவில்லை. மறுநாள் காலை வழிபாடு முடிந்த கையோடு, பழைய காரில் பெட்டியை வைத்துக் கிழக்கே ஓட்டினாள். அவளுக்குப் பின்னால் மாநிலத்தின் குறுக்கே நெடுஞ்சாலையோரப் பனி உருகிக்கொண்டே போனது. நோர்கார்டைச் சுற்றியிருந்த கிணறுகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. பக்கத்து நிலத்தில் கம்பெனி பெரும் செலவில் நட்டு வைத்திருந்த துளைக் கோபுரம் வெறும் பாறையை வெட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் வீடு ஏரிக்கரையில். வருடாந்திர மீன்பிடிப் போட்டிக்காக உறைந்த ஏரிமேல் குடில்கள் போட்டிருந்த நேரத்தில் ஆர்டிஸ் போய் இறங்கினாள். அன்று சாயங்காலமே பனிக்கட்டி நெகிழ்ந்து, அத்தானின் குடில் அடுப்போடும் ரேடியோவோடும் தண்ணீருக்குள் போனது. பெரிய மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் எப்போது ஊர் திரும்புகிறாய் என்று சாப்பாட்டுக்குச் சாப்பாடு கேட்டார். இதற்கிடையில் நோர்கார்டில், அவள் மூன்று தடவைக்கு மேல் மறுத்த செய்தி பரவி, சிலர் வருத்தப்பட்டார்கள், பாஸ்டர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். லாவோன் மட்டும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், கூரை ஒண்ணும் இடிஞ்சு விழல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் தாண்டிக் கொஞ்ச நாளில் ஹூஸ்டன்காரர்கள் போன் செய்தார்கள். முதலில் ஒருவர், பிறகு அவருக்கு மேலே உள்ளவர், பிறகு அவருக்கும் மேலே ஓர் அம்மாள். அந்த அம்மாள் நேரத்தை வீணடிக்கவில்லை. நீங்கள் கேட்டது எல்லாம் சரி, ஒன்றே ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்றாள். அப்படித்தான் எங்கள் மாவட்டத்துக் குத்தகைப் பத்திரங்களில் முதல் முறையாக அந்த வரி ஏறியது: கிணறு தோண்டும் நாட்களில் உரிமையாளர் தன் நிலத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், நாற்காலியும் மதியச் சாப்பாடும் கம்பெனியின் பொறுப்பு.

ஆர்டிஸ் திரும்பி வந்த நாளில் நெடுஞ்சாலையில் எதிரே வந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்தன. லாவோனின் சமையலறையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். லாவோன் ருபார்ப் பை செய்திருந்தாள். முதல் தடவை கேட்டதுமே ஆர்டிஸ் ஒரு துண்டு எடுத்துக்கொண்டதைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மே மாதம் முழுக்க, முளைத்து வரும் கோதுமைக்கு நடுவில் அவள் பிளாஸ்கும் குறுக்கெழுத்துப் புதிருமாக உட்கார்ந்திருந்தாள். துளை இறங்கி வேலை முடிந்த அன்று எழுந்து நின்று, நாயிடம் சொல்வதுபோல் தரையைப் பார்த்து, இங்கேயே இரு என்றாள். எண்ணெய் இருந்தது. மூன்று வருடம் கழித்துக் கம்பெனி தொடாத நிலமெல்லாம், பத்திரத்தில் எழுதியபடி, கேட்காமலே அவளிடம் திரும்பி வந்தது. அதற்குள் அந்தப் பக்கத்து ஏஜெண்டுகளிடம், மூன்றாம் வேண்டாம் வரை பேனாவை வெளியே எடுக்காதே என்ற பாடம் பரவியிருந்தது.

எண்ணெய் இருந்தது என்றேன், முழுக்க இருக்கவில்லை. கணக்குப் போட்ட பொறியாளர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று ராய்ஸிடம் முறையிட்டார்கள். அந்த ஊரில் மூன்று குளிர்காலம் பார்த்துவிட்ட ராய்ஸ், பூட்ஸையும் மாற்றிக்கொண்டிருந்தான். "அது அந்தம்மாவோட பங்கு சார். எடுத்துட்டுப் போயிருக்காங்க, விடுங்க," என்றான்.

அவள் எடுத்துக்கொண்டு போனது கல்லறைத் தோட்டத்துக்கு. நாற்காலியை விட்டு எழுந்த அன்றைக்கே நேராக அங்கே போய், பால்மரின் கல்லுக்கு முன்னால் சேறு படிந்த காலணியோடு நின்றாள். எங்கள் ஆட்கள் செத்தவர்களிடம் பேசுகிற வழக்கம் கிடையாது. உயிரோடிருப்பவர்களிடமே அதிகம் பேசுவதில்லை.

"அப்பா, மூணு தடவைக்கு அப்புறமும் வேண்டாம்னு சொல்லலாம்ப்பா. ஒண்ணும் ஆகல. நான் சொல்லிப் பாத்துட்டேன்," என்றாள்.

பிறகு காருக்குத் திரும்பினாள். எண்ணெய் வேலிக்கு உள்ளே வந்து, அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் மாவட்டம் முழுவதும் இடுப்பளவு பனி கிடந்தபோது பால்மரின் குழிமேட்டில் புல் பச்சையாக நின்றது, மஞ்சள் டாண்டிலயன்கூடப் பூத்தது. கல்லறைக் குழுவின் தலைவியான லாவோன், ஜனவரியிலும் புல் வெட்ட ஒரு ஆள் வேண்டும் என்று தேவாலயத்தில் அறிவித்தாள். முதல் ஞாயிறு யாரும் கை தூக்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு மூன்று பேர் ஒன்றாகச் சரி என்றார்கள், முறை போட்டுக்கொண்டு வெட்டுகிறார்கள்.