தாழங்காட்டுக்குள் சொல்லக் கூடாதது

வெற்றிசெல்வனுக்குத் தும்மல் வந்தால் மூன்றோடு நிற்காது. கொஞ்சம் பொறுத்து நாலாவது ஒன்று வரும். கட்டிய பெண்டாட்டிக்கு அது தெரியாதா? பூம்புகாருக்குத் தெற்கே, வயலுக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் தாழங்காட்டு ஓரமாக உச்சிவெயிலில் வந்துகொண்டிருந்த மோகனப்பிரியா, அந்த நாலாவது தும்மலைக் கேட்டுத்தான் மீன்கூடையைக் கீழே போட்டாள். படகோடு அவன் காணாமல்போய் இரண்டு வருஷமாகிறது.

முள்ளை விலக்கிக்கொண்டு நுழைந்தாள். பத்தடியில் முடியவேண்டிய காடு முடியவில்லை. உள்ளே ஒரு ஊரே இருந்தது. நிழல் விழாத, உயரமான ஜனங்கள். அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான் அவன்!

"அட பாவி மனுஷா!" என்று அவன் மார்பில் குத்தினாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

அந்த ஜனங்களில் ஒருத்தி கிட்டே வந்தாள். "கடல்லேர்ந்து வந்த கருப்பு இவரைப் பாதி தின்னுடுச்சும்மா. நாங்க இழுத்துப் போட்டோம். இங்கே இருக்கிற வரைக்கும் உசுரோட இருப்பார். வெளியே வந்தா மீதியையும் தின்னுடும்."

மோகனப்பிரியா திரும்பிப் பார்த்தாள். காட்டுக்கு வெளியே, பட்டப்பகலில், காவல் நாய் போல அது படுத்துக் கிடந்தது. படுத்த இடத்தில் நெற்பயிர் கருகியிருந்தது.

"அது உள்ளே வராதா?"

"எங்களுக்கு மதிலும் இல்லை, வாளும் இல்லை. இங்கே யாரும் யாரையும் எதிர்பாக்கறதில்லை, அதுதான் காவல். 'வரேன்'னு ஒருத்தர் சொன்னாலும், 'வா'ன்னு ஒருத்தர் சொன்னாலும் வழி திறந்துக்கும். திறந்த வழியில மொதல்ல அதுதான் வரும். நீ கிளம்பறப்போ 'போறேன்'னு மட்டும் சொல்லு. திரும்பி வராதே."

போறேனா! தாலி கட்டியவனிடம் எந்த மகராசி அப்படிச் சொல்வாள்? ஆனால் அவன் உயிராயிற்றே. மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பழகினாள்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டான்.

"ஒண்ணாங்கிளாஸ் போறா. உங்களை மாதிரியேதான் தும்முறா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு போதும் என்று எழுந்துவிட்டாள். காட்டு விளிம்பில் நின்று, "நான் போறேங்க," என்றாள். குரல் உடையவில்லை. அப்பாடா, சொல்லியாகிவிட்டது.

அவன் தலையாட்டினான். எட்டு வருஷம் தினம் காலையில் அவள் கூடையைத் தூக்கும்போது வாசலில் நின்று சொன்ன பழக்கம், பாழாய்ப்போன பழக்கம், வாய்க்கு வந்துவிட்டது.

"பாத்துப் போயிட்டு வா, பிரியா."

எல்லாருடைய கையும் அப்படியே நின்றது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். வெளியே படுத்துக் கிடந்த கருப்பு எழுந்தது. அவசரமே படாமல் அவள் முந்தானையை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஐயோ என்று அவள் பின்னாலேயே ஓடினாள். பத்தடியில் காடு முடிந்து கடற்கரை வந்துவிட்டது. ஊரைக் காணோம். எங்கோ மூன்று தும்மல் கேட்டது. நாலாவதுக்காகப் பொழுது சாயும்வரை நின்றாள். அது வரவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு பாப்பா, "போயிட்டு வரேம்மா," என்றாள். மோகனப்பிரியா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், தாழங்காட்டுப் பக்கமிருந்து, அவனுடைய அதே குரலில், கேட்டது.

"பாத்துப் போயிட்டு வா."

"அப்பா!" என்று கத்திக்கொண்டு பாப்பா அந்தப் பக்கம் ஓடினாள்.