மட்டமாகாத கோடு

...திரையில் கட்டளைக்கு ஒன்றாக நிற்கிற எல்லாக் கோடும் மட்டமாக இருந்தால் உயிர் இல்லை, ஒன்று மட்டும் ஓங்கி நின்றால் உயிர், நிஜாம் அப்படித்தானே சொன்னார், சின்னச் சின்னக் கட்டளைகளைக் கலந்து கம்ப்யூட்டருக்குள் கொட்டிவிட்டு, பிரியாணிக்குத் தம் போட்டவர் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டு, "ஒரு நாளைக்கு எதாச்சும் ஒண்ணு தன்னத்தானே நகலெடுக்க ஆரம்பிச்சிரும் பவுசியா, அப்ப அதுக்கு வேண்டிய கட்டள மட்டும் பெருகும், மத்தது கொறையும், அதான் உயிருக்கு அடையாளம்"... என்ன சிரிப்பு அவருக்கு. லாரி மோதி அவரைக் கொண்டுவந்து கிடத்திய அன்றும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. புருஷனை இழந்து இத்தா இருக்கிற பெண்ணின் அறைக்குள் ஆண்கள் எப்படி வருவது என்று, கம்ப்யூட்டரை எடுத்துப்போக அவர் வேலை பார்த்த காலேஜ்காரர்களும் கோட்டைப்பட்டினத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறதா என்று தெரியவும்தான் இத்தா என்பார்கள். அவளுக்கும் நாள் தள்ளித்தான் போயிருந்தது, மாமியார் ரோஷன் பேகம் நம்பியேவிட்டார், நிஜாமே திரும்பி வருகிறான் என்று... துக்கத்தில் உடம்புக்குக் கணக்கு மறந்துபோகும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே. இன்று விடியலில் உதிரம் பட்டுவிட்டது. மாமியிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால், யா அல்லாஹ், ஒரு கோடு ஓங்கி நிற்கிறது, இதுவாவது, இது ஒன்றாவது...

நிஜாமோடு வேலை பார்த்த ஃபெமினாவுக்கு போன் போட்டாள். "அவசரப்படாதீங்கக்கா. நகலெடுக்கிற கட்டளைய நிப்பாட்டிட்டு மறுபடி மொதல்லேர்ந்து ஓடவிடுங்க. உயிருன்னா பெருக முடியாம அந்தக் கோடு எறங்கிரும்." இறங்கணுமா? இறங்கு, இறங்கு என்று அவள் துஆ கேட்டாள், பிள்ளைக்காகக்கூட இப்படிக் கேட்டதில்லை... இறங்கவில்லை. மறுபடி ஃபெமினாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். "அது நிஜாம் அண்ணன் ஆரம்பத்துலயே கூடுதலாப் போட்டுவிட்டதுக்கா. உயிரில்ல." அவர் போட்டது. அவர் கை. அதை என்னவென்று சொல்வது, அதற்கு ஒரு பெயர் இருக்காதா...

"அந்தப் பொட்டியவே மொறச்சுக்கிட்டிருந்தா எம் பேரன் மாறுகண்ணாத்தான் பொறப்பான். இந்தா, குடி." மாமி, பாலில் பேரீச்சம்பழம் போட்டு.

"வந்துருச்சு மாமி."

மாமி அப்படியே நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "ஆறிப்போகுது, குடி" என்றார்.

"இனி யாருக்கு மாமி?"

"ஒனக்குத்தான், கிறுக்கி."

குடித்தாள். அழுதுகொண்டே குடித்தாள். பேரீச்சம்பழம் அடியில் கிடந்தது, விரலை விட்டு எடுத்து வாயில் போட்டாள்... இனித்தது. இன்றைக்குப் போய் இனிக்கிறதே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.