மூன்றாம் விலா, கதவு எண் பதினான்கு

ஆரோக்கியசாமியை அவருடைய மகளுக்குள் அனுப்புவது என்று புதன்கிழமை காலை முடிவானது. மற்ற வழிகளையெல்லாம் பார்த்தாயிற்று. மருந்தைக் கொழுப்பு உருண்டைகளில் அடைத்து அனுப்பினார்கள். உடம்பு வாசலிலேயே மடக்கிவிட்டது. ஜெலட்டின் பாதி வழியில் கரைந்தது. பாலிமர் போனது போனதுதான். ரத்த சொந்தம் என்றால் உடம்பு கொஞ்சம் யோசிக்கும் என்றார் டாக்டர் மங்களாம்பிகை.

அம்மாவைத்தான் முதலில் சோதித்தார்கள். லூர்து மேரிக்குள் அரை லிட்டர் தண்ணீரை ஊற்றி, மகள் ஜெசிந்தாவின் போட்டோவைக் காட்டினார்கள். உடனே கசிந்துவிட்டாள். பொருள் மட்டம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். ஆரோக்கியசாமிக்கும் அதே போட்டோவைக் காட்டினார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

அவர் இருபத்தாறு வருடமாகத் திருச்சியில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். சீட்டில் உள்ள வீட்டைத் தவிர வேறு வாசலில் ஒரு சிலிண்டரை இறக்கியதில்லை. சொந்தத் தம்பி வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தபோதும் இறக்கவில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. வேறு எதில்தான் கர்வப்படுவார், பாவம்.

மருந்தை அவருக்குள் ஊற்றினார்கள். மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சைப் பூசினார்கள். உள்ளே வெள்ளைச் சீருடைக் காவலர்கள் இருக்கிறார்கள், வெளி ஆளைக் கண்டால் தின்றுவிடுவார்கள், பூச்சு இருந்தால் அவர் யாரென்று யாருக்கும் தெரியாது என்று டாக்டர் விளக்கினார். பூச்சு சூட்டில் மட்டும்தான் திறக்கும். நோய் இருக்கும் இடம் கொதிக்கும். அதைத் தொட்டால் போதும். பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒரு சொட்டாக, நாற்பது நாள் மருந்து தானே இறங்கும். இடம் தவறி இறங்கினால் அந்த இடம் வெந்துவிடும்.

“உள்ள எல்லாருக்கும் உங்க பொண்ணு மூஞ்சிதான் இருக்கும்,” என்றார் டாக்டர். “மூஞ்சியப் பாக்காதீங்க. கதவு நம்பரப் பாருங்க.”

அது தனக்குப் பழக்கம்தான் என்றார் ஆரோக்கியசாமி. சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நெஞ்சுக்கூடு, இடது பக்கம், மூன்றாம் விலா, கதவு எண் பதினான்கு. ஜெசிந்தாவின் வலது கை வழியாக உள்ளே போனார்.

நாற்பது நிமிட நடை என்று சொல்லியிருந்தார்கள். ஈரல் அலுவலகத்திலேயே அரை மணி நேரம் போய்விட்டது. அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஜெசிந்தா, அவர் உணவு அல்ல என்பதற்கு மூன்று பிரதிகளில் எழுதிக் கேட்டாள். எழுதிக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துக்கு இன்னொரு ஜெசிந்தா வந்தாள். இருவரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. காவலர்கள் மோந்து பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். அவர்களும் ஜெசிந்தாக்கள்தான், பத்தொன்பது வயது, இடது புருவத்தில் தழும்பு. பூச்சு நன்றாக வேலை செய்தது.

வயிற்றுப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு ஜெசிந்தா படியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற எல்லோருக்கும் ஏதோ வேலை இருந்தது. இவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். பின்னால் சாமான்கள் மூட்டை பிரிக்காமல் கிடந்தன.

“அண்ணே, இங்கதான் வலிக்குது,” என்றாள். “கொஞ்சம் இறக்கிட்டுப் போங்க.”

பெற்ற மகள் அண்ணே என்றாள். பூச்சுக்கு மேல் அவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. சீட்டில் பதினான்கு என்று இருக்கிறதே என்றார். அங்கேதான் இருந்தேன், திங்கட்கிழமை இங்கே மாறி வந்தேன் என்றாள் அவள்.

இந்தப் பேச்சை அவர் கேட்காத தெருவா.

“வீடு மாறினா ஆபீஸ்ல சொல்லி அட்ரஸ் மாத்தணும்மா,” என்றார்.

அவள் கையை நீட்டினாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். அந்தக் கை சுடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. தொட்டுப் பார்க்கச் சீட்டில் எழுதியிருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அதற்குப் பிறகு நடைபாதை நீண்டுவிட்டது. மூன்றாம் விலாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் வீங்கியிருந்தது. பதினான்காம் கதவு பூட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. முறைப்படி மூன்று தடவை குரல் கொடுத்தார். எதிர்க் கதவிலிருந்து தலைவாரிக்கொண்டே எட்டிப் பார்த்த ஜெசிந்தா, அவர்கள் திங்கட்கிழமை காலி செய்துவிட்டார்கள், வயிற்றுப் பக்கம் போயிருக்கிறார்கள் என்றாள். ஆரோக்கியசாமி சீட்டில் ‘கதவு பூட்டு’ என்று எழுதினார். எழுதிவிட்டுத்தான் ஓடினார்.

வந்த வழி இப்போது மூன்று மடங்காக இருந்தது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரல் அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்தியாயிற்று. காவலர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் அதே படியில் சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது. உள்ளங்கையைத் தேய்த்தார். எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினார். நகத்தால் பூச்சைச் சுரண்டினார்.

“ஜெசி, அப்பா வந்திருக்கேன்டி,” என்றார்.

பூச்சில் ஒரு கீறல் விழவில்லை. நல்ல பூச்சு.

வெளியே வந்ததும் அவரை எடை போட்டார்கள். ஒரு கிராம் குறையவில்லை. கசிவு இல்லை, சிந்தல் இல்லை. இப்படி ஒரு பொருளைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று டாக்டர் கை கொடுத்தார். கையுறை போட்டிருந்தார்.

லூர்து மேரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சொல்லியிருந்தார்கள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உங்ககிட்ட கேட்டாளா?”

டெலிவரி விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை.

“கேட்டா. அட்ரஸ் வேற.”

லூர்து மேரி எழுந்து வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்து நர்ஸ்கள் ஒதுங்கினார்கள். அவள் அறையவில்லை. உள்ளங்கையை அவர் கன்னத்தில் வைத்தாள். கை கொதித்தது. அவருக்குள் எங்கோ ரெகுலேட்டரைத் திருப்புகிற சின்னச் சத்தம் கேட்டது. முதல் சொட்டு மொசைக் தரையில் விழுந்தது.

அன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. அடக்கத்தின்போது ஒன்று மண்ணில் விழுந்து புல் கருகியது. வீட்டில், நேரம் நெருங்கும்போது ஆரோக்கியசாமி எழுந்து போய் ஜெசிந்தாவின் அறை வாசலில் நிற்பார். நிலைக்கு மேலே எண் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. சொட்டு விழும். லூர்து மேரி வந்து தரையைத் துடைத்துவிட்டுப் போவாள். துணி கொஞ்சம் கொஞ்சமாக வெந்து போகும். ஒன்பது நாளில் பதினோரு துணி ஆகிவிட்டது. இன்னும் முப்பத்தொரு நாள் இருக்கிறது.