முகத்துக்கு நேராக வரும் மீன்

டில்லிபாபு குனிந்து, முகத்தைத் தொட்டியின் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தான். அரோவானா மீன் வரவில்லை. வெள்ளித் தகடு போல நீரின் மேல்மட்டத்திலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தது.

"அது உன்ன பாக்காது மாமே. பூச்சி வுழுமான்னு மேலயே பாத்துகினு கீதும்," என்றான் கடைக்கார லோகேஷ். "கெத்துக்கு வாங்குறவன் அத்த வாங்குவான். உனக்கு இன்னா மாதிரி வேணும்?"

"மூஞ்சிக்கு நேரா வரணும். வந்து நின்னு பாக்கணும்."

"யாரு மூஞ்சிக்கு?"

"நைனாவுக்கு."

அப்பா வீராசாமி புகையிலையை அடக்கி வைத்த கன்னம் இப்போது இல்லை. அந்த இடத்தில் புற்றுநோய் அரித்த ஓட்டை. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். தங்கை ஜோதிகாவின் குழந்தை தாத்தாவைப் பார்த்து வீறிட்டதிலிருந்து அவள் பிள்ளையைக் கூட்டி வருவதில்லை. வருகிற சனமும் வாசல்படியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிறது. சார்ஜாவிலிருந்து லீவு போட்டு ஓடிவந்த டில்லிபாபுவும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் பாதங்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான்.

அடுத்த தொட்டியில், தலை புடைத்த ஃபிளவர்ஹார்ன் மீன் சரேலென்று வந்து கண்ணாடியை முட்டியது.

"இது வரும். ஆனா சண்டைக்கு வரும்," என்று சிரித்த லோகேஷ், மூலைத் தொட்டியைக் காட்டினான். "அங்க நில்லு."

கறுப்பு உடம்பில் செங்கல் நிறத் தீற்றல்கள். கையகல ஆஸ்கர் மீன். அடியிலிருந்து மெல்ல எழும்பி வந்து, அவன் மூக்குக்கு நேரே நின்றது. ஒரு கண்ணால் பார்த்தது. உடம்பைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது.

"இது மீனு இல்ல மாமே, நாய்க்குட்டி. கையில எறா குடுத்தா வாங்கித் துன்னும். சின்ன மீன மட்டும் கூட வுட்றாத, ஒண்ணு வுடாம முழுங்கிடும்."

"மூஞ்சி எப்பிடி இருந்தாலும் வருமா?"

"அழகு கிழகெல்லாம் அதுக்கு இன்னா தெரியும்? சோறு போட்றவன் மூஞ்சிதான் அதுக்கு சாமி." மீனைப் பையில் விட்டு ஆக்சிஜன் ஊதிக் கட்டினான். "ரெண்டு நாளிக்கு தொட்டில லைட்டு போடாத. புது எடம், பயந்துக்கும்."

கள்ளிக்குப்பம் வரை ஆட்டோவில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

முந்தின நாளே வாங்கி நிரப்பிய தொட்டி கட்டிலை ஒட்டி இருந்தது. பையைப் பிரித்து மீனை விட்டான். அம்மா வேம்புலியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யோவ், உன் புள்ள இன்னா வாங்கியாந்துகீறான் பாரு. உன்ன மாறியே, ஒடம்ப வுட வாய் பெருசு."

அவள் ஒருத்திதான் அவரிடம் அப்படிப் பேசுவாள். கன்னத்தை மறைத்துப் போட்டிருந்த துண்டுக்கு மேலே அவர் கண்கள் சுருங்கிச் சிரித்தன. டில்லிபாபு அந்தக் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டான்.

"கிட்ட வந்து பாக்கும் நைனா. உன்னத்தான் பாக்கும்."

மீன் அடியில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. வீராசாமி பொறுமையாகக் காத்திருந்தார். பகல் முழுக்கக் காத்திருந்தார். இருட்டிக்கொண்டு வந்தபோது அம்மா அறையின் டியூப்லைட்டைப் போட்டாள். அவர் மெதுவாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, துண்டைத் தானே இறக்கிவிட்டு முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோனார்.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மீன் வந்துவிட்டது என்றுதான் டில்லிபாபு எட்டிப் பார்த்தான். விளக்கில்லாத தொட்டி இருண்டு கிடந்தது. அதன் கண்ணாடியில் அப்பாவின் முகம் முழுசாகத் தெரிந்தது. பல்வரிசை, ஈறு, பஞ்சு விலகிய ஓட்டை. அம்மா வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் எப்போதோ கழற்றி எடுத்துவிட்டிருந்தாள். தொட்டியை யாரும் யோசிக்கவில்லை.

டில்லிபாபு கண்களை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது, அப்பா கண்ணாடிக்குள்ளிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, லைட்ட அணைடா!" என்று அம்மா கொடியில் கிடந்த புடவையை எடுத்துத் தொட்டியின் மேல் வீசினாள். "யோவ், இங்க பாரு, என்னப் பாருய்யா."

அவர் பார்க்கவில்லை. துண்டை முகத்துக்கு ஏற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அப்போதும் சுவர்ப்பக்கமே திரும்பியிருந்தார்.

ஐஸ் பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று தொட்டியைச் சமையலறை வாசலுக்குத் தள்ளினார்கள். மேலே கிடந்த புடவை எப்படியோ நழுவிவிட்டிருந்தது. மீன் எழுந்து, டீ எடுத்துப் போக வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நேராக வந்து நின்றது.

அம்மாவின் தம்பி வெற்றிச்செல்வன் வெள்ளைத் துணியால் முகம் முழுவதையும் சுற்றிக் கட்டினார். "சனம் பயந்துக்கும்க்கா." அம்மா தலையாட்டினாள். பெண்கள் துணிக்கு மேலேயே வாய்க்கரிசி போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

சுடுகாட்டில் உடலைச் சுற்றி எருமுட்டைகளை அடுக்கி முடித்த ஆள் நிமிர்ந்து குரல் கொடுத்தார். "மொகம் பாக்கறவங்க பாத்துக்கோங்கப்பா. மூடப் போறேன்."

யாரும் முன்னால் வரவில்லை.

"கட்டு அப்பிடியே இருக்கட்டும்," என்றார் மாமா. "டில்லி, நீ அரிசிய துணி மேலயே போட்ரு. போதும்."

டில்லிபாபு மண்டியிட்டான். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெருடி அவிழ்த்தான்.

"டேய், வாணாம்டா."

துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். பின்னால் நின்ற யாரோ காறித் துப்பிக்கொண்டு நகர்கிற சத்தம் கேட்டது. அவன் ஒரு பிடி அரிசியை எடுத்து வாயில் இட்டான். அது ஓட்டை வழியாகச் சரிந்து எருவின் மேல் சிதறியது. மறுபடி எடுத்தான். இந்த முறை இடது உள்ளங்கையைக் கன்னத்தோடு அணைத்து வைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இட்டான்.

"சரிப்பா, கைய எடு. நேரமாவுது."

அவன் கையை எடுக்கவில்லை. ஐஸ் பெட்டியின் ஈரத்தில், உள்ளங்கைக்கு அடியில் அரிசி மெல்ல ஒட்டத் தொடங்கியது.